கிழக் குதிரை இருமுகிறதா? முதலில் வைக்கோலைப் பாருங்கள்!

கோபாலபுரம்:

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடம் கோபாலபுரம். எல்லைக்கு இந்தப் பக்கமும் தமிழ், அந்தப் பக்கமும் தமிழ். 2017-ல் சரக்கு, சேவை வரி வந்தபின், விற்பனை வரிச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலம் போய்விட்டது. ஆனால் வைக்கோல் லாரிகள் போவது மட்டும் நிற்கவில்லை. கேரளத்து மாட்டுத் தொழுவங்கள் பலவற்றுக்கு வைக்கோல் தமிழ்நாட்டு வயல்களிலிருந்துதான் போகவேண்டும்.

வைக்கோல் லாரி ஒன்று கடந்து போனால், சாலையோரத்தில் நிற்பவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். தூசி அடங்கியதும் துண்டை எடுத்துவிடுவார்கள்.

குதிரைக்கு அந்த வசதி இல்லை. லாயத்தில் கட்டிய குதிரையின் மூக்கு நாளில் பாதி நேரம் வைக்கோலுக்குள்ளேயே இருக்கிறது. அது விடுகிற மூச்சும் இழுக்கிற மூச்சும் அந்தத் தூசியோடுதான். மேலும், குதிரைக்கு மூக்கு ஒன்றுதான் வழி. மனிதனைப் போல வாயால் மூச்சு விட அதற்குத் தெரியாது. மூக்கு அடைத்தால் அதற்கு வேறு வழியே இல்லை.

அதனால்தான் வயதான குதிரை இருமத் தொடங்கினால், முதலில் பார்க்க வேண்டியது மருந்துக் கடையை அல்ல, வைக்கோல் கட்டை.

ஓடுகிற வரைக்கும் ராஜா

இந்த எல்லைப் பகுதிக்குக் குதிரை புதிதல்ல. கோபாலபுரத்துக்கு மேற்கே, சித்தூர் தாலுகாவில் உள்ள தத்தமங்கலத்தில் அங்காடி வேலைத் திருவிழாவின்போது குதிரை ஓட்டம் நடக்கும். 2021 ஏப்ரலில், கொரோனா இரண்டாவது அலைக்கு நடுவில் இந்த ஓட்டம் நடந்து, போலீசார் வழக்குப் போட்டதும் செய்தியானது. அந்த அளவுக்கு ஊருக்குக் குதிரைமேல் ஆசை.

கிழக்கே பழனிக்குப் போனால், அடிவாரத்தில் பக்தர்களை ஏற்றிச் செல்லும் குதிரை வண்டிகளைப் பார்க்கலாம். ஆடி மாதத்தில் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோவில் திருவிழாவையொட்டிக் குதிரைச் சந்தை கூடும். மூணாறு, வாகமண் பக்கத்திலும், கொடைக்கானல், ஊட்டியிலும் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கும் சவாரிக் குதிரைகள் உண்டு.

ஓடுகிற வரைக்கும் குதிரை ராஜா. மாலை போடுவார்கள், பொட்டு வைப்பார்கள். வயது ஏறி, நாலு அடி நடந்ததும் இருமத் தொடங்கினால், "கிழடாயிட்டது, இனி என்ன செய்ய?" என்று சொல்லிவிடுவார்கள். வாங்குவாரும் இல்லை, வைத்துக் காப்பாற்ற வருமானமும் இல்லை. மலை ஊர்களின் சாலைகளில் கேட்பாரற்றுத் திரியும் குதிரைகளைப் பற்றிப் பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வருகிறது. அவற்றில் எத்தனையோ குதிரைகள் நேற்றுவரை ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டவை.

நன்றாகப் பராமரித்தால் ஒரு குதிரை 25 ஆண்டு, 30 ஆண்டுகூட வாழும். 20 வயதுக் குதிரை கிழக் குதிரைதான். ஆனால் வயது ஒரு நோய் அல்ல. இருமலும் அரிப்பும் வயதால் மட்டும் வருபவை அல்ல. அவற்றுக்குக் காரணம் பெரும்பாலும் லாயத்துக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதும் விலக்குவதும் வளர்ப்பவர் கையில் உள்ளது.

குதிரைக்கும் ஆஸ்துமா

குதிரையின் இந்த மூச்சு நோய் இன்று நேற்று வந்தது அல்ல. 1698-ல் ஜான் பிளாயர் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஆஸ்துமாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவருக்கே ஆஸ்துமா இருந்தது. மூச்சு வாங்கும் நோயால் அவதிப்பட்ட ஒரு பெண் குதிரையின் நுரையீரலை அறுத்துப் பார்த்து, தாம் கண்டதை அந்த நூலில் பதிவு செய்தார். மனிதனின் நோயும் குதிரையின் நோயும் பங்காளிகள் என்பதை மருத்துவர்கள் முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள்.

இந்த நோய்க்குப் பல பெயர்கள் வழங்கிவந்தன. 2016-ல் கால்நடை மருத்துவ நிபுணர்கள் கூடி, எல்லாவற்றுக்கும் பொதுவாக 'குதிரை ஆஸ்துமா' என்ற பெயரைப் பரிந்துரைத்தார்கள்.

நோய் வரும் விதம் இதுதான். ஈரத்தோடு கட்டிய வைக்கோலில் பூசணம் பிடிக்கிறது. பூசணத்தின் விதைத்துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. வைக்கோலை உதறும்போது லட்சக்கணக்கில் காற்றில் பறக்கின்றன. அவை குதிரையின் நுரையீரலுக்குள் போனதும், உடம்பு அவற்றை எதிரி என்று நினைத்துப் போராடத் தொடங்குகிறது. மூச்சுக் குழாய்கள் வீங்கிச் சுருங்குகின்றன. சளி கட்டுகிறது. ஆண்டுக்கணக்கில் இது நடந்தபின், வயதான காலத்தில் நோய் முற்றி வெளியே தெரிகிறது.

பாலக்காட்டில் முதல் போக நெல் கன்னி மாதத்தில், அதாவது நமது புரட்டாசியில், அறுவடைக்கு வரும். அந்த நேரத்தில் மழை விட்டுவிட்டுப் பெய்யும். நனைந்த வைக்கோல் சரியாகக் காயாமல் போரில் ஏறும். மலைப்பகுதிக்குப் போகும் வைக்கோலின் நிலை இன்னும் மோசம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து இடுக்கிக்கு ஏறும் வைக்கோல், மேலே பனியிலும் சாரலிலும் ஈரம் குடிக்கிறது. அங்கே குதிரை இருமுவதற்குக் குளிர்தான் காரணம் என்று சொல்பவர்கள், வைக்கோல் கட்டைப் பிரித்து மோந்து பார்ப்பது நல்லது.

இது குதிரைக்கு மட்டும் வரும் தொல்லையும் அல்ல. பூசணம் பிடித்த வைக்கோலைக் கையாளும் மனிதருக்கும் நுரையீரல் நோய் வரும். 'விவசாயி நுரையீரல்' என்று அதற்குப் பெயர். சூடேறிய வைக்கோலில் வளரும் நுண்ணுயிர்கள்தான் அதற்குக் காரணம் என்று 1963-ல் ஜேக் பெப்பிஸ் என்ற நிபுணரும் அவருடைய குழுவினரும் நிரூபித்தார்கள். வைக்கோல் ஏற்றி இறக்கும் தொழிலாளர்கள் மூக்கில் துண்டு கட்டிக்கொள்வது வெறும் பழக்கம் அல்ல, பாதுகாப்பு. குதிரை இருமும் லாயத்தில் குதிரைக்காரரும் இருமினால், இரண்டு இருமலுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம்.

ஒரு கடிகாரம் போதும்

குதிரை எப்போது இருமுகிறது என்று முதலில் கவனிக்க வேண்டும். வைக்கோலில் வாய் வைத்ததும் இருமுகிறதா? காலையில் லாயத்திலிருந்து வெளியே கொண்டுவந்து, நடக்கத் தொடங்கியதும் இருமுகிறதா? வெளியே மேய்ச்சலில் இருக்கும் நாட்களில் குறைகிறதா? இந்த மூன்றுக்கும் 'ஆம்' என்றால், தூசியின்மேல் சந்தேகப்படலாம்.

அடுத்து மூச்சை எண்ண வேண்டும். குதிரை ஓய்வாக நிற்கும்போது, அதன் விலாப்பக்கத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் எண்ணுங்கள். விலா ஏறி இறங்கினால் ஒன்று. நலமாக உள்ள குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 தடவை வரை மூச்சு விடும். சும்மா நிற்கும்போதே 20-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூக்குத் துவாரம் விரிந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு இரண்டு முறை எக்கினால் நோய் முற்றிய நிலை. விலா எலும்பின் ஓரமாக வயிற்றில் ஒரு பள்ளக்கோடு விழுந்திருந்தால், குதிரை பல மாதங்களாக மூச்சுக்குப் போராடி வருகிறது என்று பொருள்.

மூன்றாவது, காய்ச்சல். குதிரையின் உடல்சூடு 99 முதல் 101.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கலாம். ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவரை வைத்துச் செய்ய வேண்டும். குதிரைக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது.

காய்ச்சல் இருந்தால் வேறு கதை

ஆஸ்துமா குதிரைக்குக் காய்ச்சல் வராது. பெரும்பாலும் தீனியும் தின்னும். காய்ச்சலோடு இருமல் வந்தாலோ, மூக்கிலிருந்து மஞ்சளாகச் சீழ் ஒழுகினாலோ, தாடைக்குக் கீழே கட்டி வந்தாலோ, அது தொற்றுநோயாக இருக்கலாம். அப்போது வைக்கோலை நனைத்துக்கொண்டிருக்கக் கூடாது. குதிரையை உடனே தனியாகக் கட்டி, கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். அந்தக் குதிரையின் வாளி, பிரஷ், கடிவாளம் எதையும் வேறு குதிரைக்குப் பயன்படுத்தக் கூடாது.

குதிரை இன்புளுயன்சா 2008-ல் ஜம்மு பகுதியில் தொடங்கிப் பல மாநிலங்களுக்குப் பரவியது. அதைவிடப் பயங்கரமானது கிளாண்டர்ஸ். அது குதிரையிலிருந்து மனிதனுக்கும் தொற்றி உயிரை வாங்கக்கூடியது. அடங்கிவிட்டது என்று எண்ணியிருந்த அந்த நோய், 2006-ல் மகாராஷ்டிரத்தில் மீண்டும் தலைகாட்டியது. மூக்கிலும் தோலிலும் ஆறாத புண் வந்து சீழ் வடிவது அதன் அடையாளம். நோய் உறுதியானால் குதிரையைக் கொல்வதைத் தவிர வழி இல்லை. அதற்கு அரசு இழப்பீடு உண்டு. எனவே சந்தையில் வாங்கிய குதிரையைக் கொஞ்ச நாள் தனியே கட்டிவைத்துப் பார்த்தபின் மற்றவற்றோடு சேர்ப்பதே புத்திசாலித்தனம்.

ஒரு வாளித் தண்ணீர்

காய்ச்சல் இல்லை, தூசிதான் காரணம் என்று தெரிந்துவிட்டால், முதல் மருந்து தண்ணீர்.

வைக்கோலை ஒரு கைப்பிடி எடுத்து உதறிப் பாருங்கள். புகை போலத் தூசி எழுந்தாலோ, மக்கல் வாடை அடித்தாலோ, அந்தக் கட்டு குதிரைக்கு ஆகாது. அதை நனைத்தும் போடக் கூடாது. பூசணம் பிடித்த தீனி வயிற்றையும் கெடுக்கும்.

நல்ல வைக்கோலையும் காய்ந்த புல்லையும் தொட்டித் தண்ணீரில் முழுவதும் அமுக்கி, அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். மேலே தண்ணீர் தெளித்தால் போதாது. ஊறியபின் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஈரம் காய்வதற்குள் போட வேண்டும். நமது வெயிலில் ஊறிய வைக்கோல் சீக்கிரம் புளித்துவிடும். எனவே காலைக்கும் மாலைக்கும் சேர்த்து ஊறவைக்கக் கூடாது. ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனியாக ஊறவைத்து, மிச்சத்தை எடுத்து எறிந்துவிட வேண்டும்.

பச்சைப்புல் கிடைத்தால் அதுவே மேல். தவிட்டை உலர்ந்தபடி போடக் கூடாது. பிசைந்து போட வேண்டும். கொள்ளையும் ஊறவைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

தீனித் தொட்டியை உயரத்தில் கட்டும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. இருமல் குதிரைக்கு அது கெடுதல். தலையைக் கீழே தாழ்த்தித் தின்றால்தான் மூச்சுக் குழாயில் உள்ள சளி வடிந்து வெளியேறும். தொட்டி தரையில் இருக்கட்டும். தரையில் மணல் போட்டிருந்தால், தீனியை மணல்மேல் கொட்டக் கூடாது. மணல் வயிற்றுக்குள் சேர்ந்து வலியை உண்டாக்கும்.

லாயத்துக்கு மேலே பரண் போட்டு வைக்கோல் அடுக்குவது இன்னொரு தவறு. நாள் முழுவதும் குதிரையின் தலையில் தூசி கொட்டிக்கொண்டே இருக்கும். வைக்கோலைத் தள்ளி வேறு இடத்தில் வைக்க வேண்டும். பெருக்கும்போது குதிரையை வெளியே கட்டி, தூசி அடங்க ஒரு மணி நேரமாவது விட்டு, அதன்பின் உள்ளே கொண்டுவர வேண்டும்.

மூத்திர வாடையும் நுரையீரலைக் கெடுக்கும். குதிரைக்காரர் நின்றபடி மோந்தால் வாடை தெரியாது. லாயத்தின் தரையில் ஐந்து நிமிடம் குந்தி உட்கார்ந்து பாருங்கள். கண் எரிந்தால், படுத்திருக்கும் குதிரைக்கும் அதே எரிச்சல்தான்.

இவ்வளவும் செய்தால் மறுநாளே இருமல் நின்றுவிடாது. வீங்கிய மூச்சுக் குழாய் அடங்கப் பல வாரங்கள் ஆகும். இடையில் ஒருநாள் சோம்பல்பட்டு உலர்ந்த வைக்கோலைப் போட்டால், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இதில் செலவு குறைவு, பொறுமைதான் அதிகம் வேண்டும்.

மருந்து மருத்துவர் கையில்

மூச்சுக் குழாயை விரிக்கும் மருந்துகள் உண்டு. வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மருந்துகளும் உண்டு. தேவையான நேரத்தில் இவை உயிர் காக்கும். ஆனால் 'போன தடவை போட்ட அதே ஊசி' என்று டெக்ஸாமெத்தசோனைத் தாமாக வாங்கிப் போடுவது ஆபத்து. வயதான குதிரைக்கு அதனால் குளம்புக்குள் அழற்சி வரலாம். இருமல் நின்று, கால் போய்விட்ட கதையாக முடியும்.

மூங்கில் குழாயில் கஷாயம் புகட்டும் பழக்கமும் இருக்கிறது. இருமும் குதிரையின் தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினால், கஷாயம் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். அதனால் வரும் நிமோனியா, பழைய இருமலைவிடக் கொடியது.

பல்லையும் கவனிக்க வேண்டும். குதிரையின் பல் தேய்ந்துகொண்டே போகும். ஒழுங்கில்லாமல் தேய்ந்தால் ஓரம் கூர்மையாகிக் கன்னத்தைக் குத்தும். பாதி மென்ற புல்லை உருண்டையாக வெளியே துப்பினால் பல்லில் கோளாறு. அரைகுறையாக மென்று விழுங்கிய தீனி தொண்டைக் குழலில் அடைத்துக்கொண்டாலும் குதிரை இருமும், மூக்கு வழியே தீனித் தண்ணீர் வரும். அது ஆஸ்துமா அல்ல. தீனியையும் தண்ணீரையும் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரை அழைக்க வேண்டிய அவசரம். ஆண்டுக்கு ஒருமுறை பல்லைப் பார்க்கச் சொல்வது நல்லது.

எங்கே அரிக்கிறது?

வயதான குதிரைகளின் இன்னொரு அவதி அரிப்பு. கம்பத்திலும் சுவரிலும் தேய்த்துத் தேய்த்துப் பிடரி மயிர் கொட்டிப் போகும். வால் அடி மொட்டையாகும். தோல் தடித்து ரத்தம் கசியும்.

இருமல் எப்போது வருகிறது என்று பார்ப்பது போல, அரிப்பு எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். பிடரியிலும் வால் அடியிலும் அரித்தால், பெரும்பாலும் அது பூச்சிக்கடி ஒவ்வாமை. கொசுவைவிட மிகச் சிறிய ஒரு கடிப்பூச்சி இருக்கிறது. கியூலிகாய்டஸ் என்பது அதன் பெயர். ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புவது இந்த இனம்தான். 1960-ல் ஆப்பிரிக்கக் குதிரை நோய் இந்தியாவுக்குள் நுழைந்து குதிரைகளைக் கொன்றபோது, அதைப் பரப்பியதும் இதே இனம்தான்.

எல்லாக் குதிரையையும் பூச்சி கடிக்கும். ஆனால் சில குதிரைகளின் உடம்பு மட்டும் பூச்சியின் எச்சிலை ஏற்காது. ஐஸ்லாந்து தீவில் பிறந்து, ஐரோப்பாவின் மற்ற நாடுகளுக்கு ஏற்றுமதியாகும் குதிரைகளுக்கு இந்த அரிப்பு மிக அதிகம். சொந்த ஊரில் அந்தப் பூச்சியோடு பழகாத உடம்பு, புதிய ஊரில் தவிக்கிறது. ஊர் விட்டு ஊர் வந்து, தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் முதல் ஆறு மாதம் அவதிப்பட்டவர்களுக்கு இது புரியும்.

புகை போடலாமா?

இங்கேதான் ஒரு சிக்கல். பூச்சிக்கு நமது ஊர் வைத்தியம் புகை. மாலையில் வேப்பிலையும் பச்சைத் தழையும் போட்டு மூட்டம் போடுவார்கள். மாட்டுக்குச் சரி, இருமாத குதிரைக்கும் ஓரளவு சரி. ஆனால் அரிப்போடு இருமலும் உள்ள கிழக் குதிரைக்குப் புகை விஷம். தோலைக் காப்பாற்றப் போய் நுரையீரலைக் கெடுத்துவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இருமலுக்கு வெளிக்காற்று நல்லது. ஆனால் பூச்சி அதிகம் கடிப்பது வெளியே, விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும். வெளியே விட்டால் அரிப்பு, உள்ளே கட்டினால் இருமல். 'குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம்' என்ற பழமொழி இங்கே குதிரைக்கே பொருந்திவிட்டது.

இதற்கு வழி காற்றில் இருக்கிறது. இந்தப் பூச்சி பறப்பதில் மிகவும் பலவீனமானது; காற்று வீசினால் அதனால் பறக்க முடியாது. பாலக்காட்டுக் கணவாய் மலைத்தொடரில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் வாசல். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்தும், மார்கழி, தையில் கிழக்கிலிருந்தும் காற்று வீசுகிறது. கிழக்கும் மேற்கும் திறந்த கூரைக் கொட்டகையில் குதிரையைக் கட்டினால், தூசியும் தங்காது, பூச்சியும் அண்டாது. காற்று இல்லாத இடத்தில், அந்தி நேரத்தில் ஒரு மின்விசிறி போதும். ஒயர் குதிரையின் வாய்க்கு எட்டாமல் இருக்க வேண்டும்.

பகலில் மேய விட்டு, வெயில் சாய்வதற்கு முன்பே கொட்டகைக்குக் கொண்டுவர வேண்டும். லத்தியை அன்றாடம் அள்ளித் தூரத்தில் கொட்ட வேண்டும். தொட்டியைச் சுற்றிச் சேறு நிற்கக் கூடாது. இந்தப் பூச்சி முட்டையிடுவது ஈரச் சேற்றிலும் சாணத்திலும்தான். மெல்லிய பருத்தித் துணியில் முதுகுப் போர்வை தைத்துப் போட்டாலும் கடி குறையும்.

எண்ணெய் தடவுவதில் தவறில்லை. தேங்காய் எண்ணெய் பூசிய தோலில் பூச்சி எளிதாக உட்காராது. வேப்பெண்ணெயை அப்படியே பூசினால் சில குதிரைகளுக்கு எரியும்; தேங்காய் எண்ணெயோடு கலந்து, முதலில் ஒரு சிறு இடத்தில் தடவி மறுநாள் பார்க்க வேண்டும். கழிவு என்ஜின் ஆயிலைப் பூசுவது மட்டும் கூடவே கூடாது. அது தோலை வெந்துபோகச் செய்யும். குதிரை நக்கினால் வயிற்றுக்கும் போகும்.

எல்லா அரிப்பும் பூச்சி அல்ல

சேணமும் வாரும் படும் இடங்களில் மட்டும் புண் இருந்தால், குற்றம் சேணத்தின்மேல். வியர்வையும் உப்பும் ஊறிய வாரைக் கழுவிக் காயவைத்து, உராயும் இடத்தில் மெத்தென்ற துணி வைக்க வேண்டும். புண் ஆறும்வரை வண்டி பூட்டக் கூடாது.

வட்ட வட்டமாக மயிர் உதிர்ந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது மனிதனுக்கும் ஒட்டும். வீட்டுப் பிள்ளைகளைக் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொள்ள விடக் கூடாது. ஒரு குதிரையின் பிரஷ் இன்னொன்றுக்கு ஆகாது.

மழைக்காலத்தில் முதுகில் மயிர் கொத்துக் கொத்தாக ஒட்டி, பிடுங்கினால் அடியில் பொருக்கோடு வந்தால், அது ஈரத்தால் வரும் கிருமிப் புண். மூணாறு போன்ற மழை ஊர்களில் இதை எதிர்பார்க்கலாம். நனையாமல் வைப்பதே பாதி மருந்து.

வெயில் காலத்திலும் கரடி போல நீண்ட மயிர் உதிராமல் நின்றால், அது அழகு அல்ல. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி கெட்டுப் போனதன் அடையாளம். வயதான குதிரைகளுக்கு இது வருவதுண்டு. இத்தகைய குதிரைக்குத் தோல் புண் எளிதில் வரும், ஆறத் தாமதமாகும். ரத்தப் பரிசோதனை செய்து மருந்து கொடுக்கலாம்.

எங்கே போவது?

கேரளத்தில் மண்ணுத்தியிலும், தமிழ்நாட்டில் சென்னை, நாமக்கல், உடுமலைப்பேட்டை, தேனி முதலிய இடங்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. கோபாலபுரம் பகுதிக்கு உடுமலையும், இடுக்கி எல்லைக்குத் தேனியும் அருகில். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியை அழைக்கலாம். போகும்போது, மூச்சு எண்ணிக்கை, உடல்சூடு, எப்போது இருமுகிறது, எங்கே அரிக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக் கொண்டுபோனால் மருத்துவரின் வேலை பாதியாகும்.

சட்டமும் இருக்கிறது. 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, நோயாலோ புண்ணாலோ வயதாலோ வேலைக்கு ஆகாத மிருகத்தை வேலை வாங்குவது குற்றம். பசியிலும் தாகத்திலும் சாகும்படி தெருவில் விட்டுவிடுவதும் குற்றம்.

மார்க்கோ போலோ கண்ட காட்சி

தமிழனுக்கும் குதிரைக்கும் உள்ள உறவு பழையது. கடல் வழியே குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை பேசுகிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகருக்காக நரி பரியான கதையை அறியாத தமிழர் இல்லை.

ஆனால் வாங்கிய குதிரையைக் காப்பாற்றினோமா? 13-ம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலில் வந்து இறங்குவதையும், அவற்றில் பெரும்பாலானவை வந்த வேகத்திலேயே செத்துப் போவதையும் எழுதி வைத்திருக்கிறார். சமைத்த சோற்றையும் இறைச்சியையும் அவற்றுக்குப் போட்டார்களாம். பராமரிக்கத் தெரிந்தவர் இல்லையாம். குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வியாபாரிகளும் இந்தப் பக்கம் வரவிடவில்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்பனை நடக்கும்!

கப்பலில் குதிரை வரும் காலம் போய்விட்டது. குதிரைக்கு வேண்டியதைத் தெரிந்துகொள்ளத் தடை போடுவாரும் இப்போது இல்லை. இருபது வயது வரை வண்டி இழுத்த ஒரு குதிரை கடைசிக் காலத்தில் கேட்பது அதிகம் அல்ல. நனைத்த வைக்கோல், தரையில் ஒரு தொட்டி, இரண்டு பக்கமும் திறந்த ஒரு கொட்டகை, அந்தி நேரத்தில் கொஞ்சம் காற்று.

இத்தனை செய்தாலும் அது பழையபடி ஓடாது. ஆனால் இராத்திரி இருமாமல் தூங்கும். பக்கத்தில் கட்டில் போட்டுப் படுத்திருக்கும் குதிரைக்காரரும் தூங்குவார்.